விட்டுப்போன பெயர்

சனிக்கிழமை காலை அரிஹியா அலுவலகக் கதவைத் திறந்தபோது அவளுடைய நாற்காலியில் டெஸ்மண்ட் உட்கார்ந்திருந்தான்.

அவள் மேசையில் அவனுடைய காப்பி. அவள் திரையில் அவனுடைய கம்பெனிச் சின்னம்.

"எந்திரிங்க," என்றாள்.

"குட் மார்னிங் அரிஹியா. உங்கம்மாதான் உட்காரச் சொன்னாங்க."

"அம்மா உங்களை உட்காரச் சொல்லியிருப்பாங்க. என் நாற்காலில உட்காரச் சொல்லியிருக்க மாட்டாங்க. எந்திரிங்க."

டெஸ்மண்ட் சிரித்துக்கொண்டே எழுந்தான். ஆக்லாந்திலிருந்து மென்பொருள் விற்க வந்தவன். எதற்கும் கோபப்படாமல் இருப்பதையே ஒரு தொழிலாகப் பழகி வைத்திருந்தான். புதன்கிழமை அரிஹியாவின் ஒத்திகை குப்புற விழுந்தபோதும் இதே சிரிப்பைத்தான் சிரித்தான்.

அந்த விழுந்த கதை இன்னும் ஹாவெரா ஊர் முழுக்கப் பேசப்பட்டுக் கொண்டிருந்தது. பக்கவாட்டில் 'ருவாகெரெ' என்று குடும்பப் பெயர் எழுதிய டாங்கர் லாரிகள்தான் சுற்று வட்டாரப் பண்ணைகளின் பாலை ஏற்றித் தொழிற்சாலையில் கொண்டுபோய் இறக்குகின்றன. அப்பா தொடங்கிய தொழில். போன குளிர்காலத்தில் அவர் காலமான பிறகு அம்மா நைரிதான் முதலாளி. அண்ணன் ராவிரி நிர்வாகம். எந்த வண்டி எந்தப் பண்ணைக்கு எப்போது போக வேண்டும், எங்கே எவ்வளவு பால் ஏறியது என்று சொல்லும் நிரல்கள் அத்தனையும் அரிஹியா எழுதியவை.

அந்த நிரல்களுக்குக் கீழே இருந்த பழைய தரவுத்தளத்தின் உரிமக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. கட்டணமில்லாத இன்னொன்றுக்கு மாறிவிடலாம் என்று அரிஹியாதான் சொன்னாள். தகவல்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஆனால் புதன்கிழமை நிரல்களை ஓட்டிப் பார்த்தபோது ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. எல்லாத் திரையிலும் ஒரே புலம்பல்: 'பண்ணை' என்றொரு அட்டவணை இல்லை. 'நடை' என்றொரு அட்டவணை இல்லை.

அட்டவணைகள் இருந்தன. பெயர்கள்தான் இல்லை. பழைய தரவுத்தளத்தில் ஓர் அட்டவணைக்கு மாற்றுப்பெயர் வைக்க முடியும். உண்மையான அட்டவணை எந்த அறையில், எந்த நீளப் பெயரில் இருந்தாலும் 'பண்ணை' என்று கூப்பிட்டால் வந்து நிற்கும். அரிஹியா வருடக்கணக்காக அந்தச் செல்லப் பெயர்களைச் சொல்லியே எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். புதிய தரவுத்தளத்தில் மாற்றுப்பெயர் என்ற ஏற்பாடே கிடையாது.

"எல்லா நிரலையும் திருத்தி எழுதணும்," என்று அன்று டெஸ்மண்ட் அம்மாவிடம் சொன்னான். "அடுத்த கோடை வந்துடும். அதுக்கு எங்க சிஸ்டத்தையே எடுத்துக்கிட்டா திங்கட்கிழமையே ஓட்டலாம். பராமரிப்பு எல்லாம் எங்க ஆளுங்க பார்த்துப்பாங்க."

அரிஹியாவுக்கு அங்கே இனி வேலை இருக்காது என்பதைத்தான் அவன் அப்படிச் சொன்னான்.

"ஒரு வரியைக்கூடத் திருத்த மாட்டேன்," என்று அவள் சொல்லிவிட்டாள். "பேர்தானே இல்லை? பேரை நான் குடுக்கறேன்."

அம்மா இருவரையும் பார்த்தாள். "சனிக்கிழமை மத்தியான வண்டிங்க உன் சிஸ்டத்துல போகட்டும். எல்லாம் ஒழுங்கா வீடு வந்து சேர்ந்தா சரி. இல்லேன்னா திங்கட்கிழமை நான் இவர்கிட்ட கையெழுத்துப் போட்டுடுவேன்."

அந்தச் சனிக்கிழமைதான் இது.

*

நைரி வண்டி அனுப்பும் மேசையில் இருந்தாள். ஒரு காதில் தொலைபேசி, கைக்கு எட்டும் இடத்தில் ரேடியோ, முன்னால் தட்டில் கொத்துக்கறி அடைத்துச் சுட்டு ஆறிப்போன ஒரு 'பை'. வசந்தம் உச்சத்தில் இருந்தது. கன்று ஈன்ற மாடுகள் எல்லாம் ஒன்றாகச் சுரக்கும் மாதம். எந்தப் பண்ணையிலும் தொட்டியில் இடம் இல்லை. ஒரு வேளை வண்டி போகாவிட்டால் பாலைச் சாக்கடையில்தான் திறந்துவிட வேண்டும்.

ராவிரி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஓர் ஓட்டுநர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டதால் இன்று அவனே கடற்கரைப் பக்கத்து வண்டியை ஓட்டுகிறான்.

"என்ன பண்ணி வச்சிருக்கே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றான்.

"ரெண்டு வேலை பண்ணியிருக்கேன் அண்ணா. பேரைச் சொல்லித் தேடினா எந்தெந்த அறையில, எந்த வரிசையில தேடணும்னு தரவுத்தளத்துக்குச் சொல்லிட்டேன். பாதி அதுலயே சரியாயிடுச்சு. மீதி அட்டவணைக்கு உண்மைப் பேரு வேற, நான் கூப்பிடற பேரு வேற. அதுங்களுக்கு எல்லாம் பழைய பேர்ல ஒரு வியூ போட்டுட்டேன். ஜன்னல்னு வச்சுக்கோ. அதுக்குள்ள பார்த்தா உண்மையான அட்டவணை தெரியும். அது வழியா எழுதினாலும் அங்கயே போய் விழும்."

"ஒட்டுப்போட்ட வேலை," என்றான் டெஸ்மண்ட், காப்பியை உறிஞ்சிக்கொண்டு.

"உங்க ஊர்ல கதவுக்கு முன்னால பேர்ப்பலகை மாட்டுறதை ஒட்டுப்போடறதுன்னுதான் சொல்லுவாங்களா?"

"நான் எதுவும் தப்பாச் சொல்லலையே."

"நீங்க எதையுமே தப்பாச் சொல்ல மாட்டீங்க. அதான் பிரச்சினை."

ராவிரி தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்தான். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தான். "இன்னைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உனக்காகப் பேச மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"உன்னைப் பேசச் சொல்லி யார் கேட்டா? வண்டியை ஓட்டு."

மத்தியானம் வண்டிகள் கிளம்பின. மலை மேகத்துக்குள் இருந்தது. மழை தூறியது. முதல் பண்ணையிலிருந்து முதல் அளவு வந்து விழுந்தது. பிறகு அடுத்தது. 'பண்ணை' பதில் சொன்னது. 'நடை' எழுதிக்கொண்டது. திரையில் வண்டிகள் சின்னச் சின்னப் புள்ளிகளாக நகர்ந்தன.

அரிஹியா அப்போதுதான் காலையிலிருந்து தான் எதுவும் சாப்பிடவில்லை என்பதை உணர்ந்தாள். அம்மாவின் தட்டிலிருந்த கொத்துக்கறிப் 'பை'யில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அம்மா தட்டை மகள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள்.

*

அடுத்து வந்த தொலைபேசி அழைப்பில்தான் எல்லாம் தடம் புரண்டது.

ஓட்டுநர் ஒருவர் ஏதோ வழி கேட்டார். பதில் சொல்வதற்காக நைரி அரிஹியாவின் திரைப் பக்கம் சாய்ந்தாள். வழி சொல்லி முடித்தாள். ஆனால் சாய்ந்தபடியே இருந்தாள்.

"வின்டர்பர்ன் பண்ணை ஏன் வெள்ளையா இருக்கு?"

"எப்படி இருக்கணும்?"

"சிவப்பா இருக்கணும். காலைல அந்தாளு போன் பண்ணான். ஊசி போட்ட மாட்டைத் தெரியாம மத்த மாடுங்களோட சேர்த்துக் கறந்துட்டாங்களாம். தொட்டிப் பால் முழுக்க மருந்து. எடுக்கக் கூடாதுன்னு நானே குறி போட்டேனே."

அரிஹியாவின் விரல்கள் நின்றன. "எதுல போட்டீங்க?"

"டெஸ்மண்ட் பழகிப் பார்க்கக் குடுத்த திரையில. அதுவும் உன் தரவுத்தளத்துலதான் எழுதுதுன்னாரே."

"எழுதுது," என்றான் டெஸ்மண்ட். இப்போது அவன் சிரிக்கவில்லை.

அரிஹியா உண்மையான அட்டவணையைத் திறந்தாள். வின்டர்பர்ன் பண்ணை வரிசையில் குறி இருந்தது. ஆனால் அது இருந்த பத்தி அவளுக்குப் புதிது. அட்டவணையின் கடைசியில் புதன்கிழமை இல்லாத ஒரு பத்தி முளைத்திருந்தது.

ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாற்றுப்பெயர் என்றால் அது அதே ஆளைக் கூப்பிடுவது. ஆள் சட்டை மாற்றினாலும் அப்படியே வந்து நிற்பான். வியூ அப்படியில்லை. அதைப் போடுகிற நாளில் அட்டவணையில் என்னென்ன பத்திகள் இருக்கின்றனவோ அவை மட்டும்தான் அதில் தெரியும். பிறகு சேர்த்தவை தெரியாது. யாரோ அவளுக்குச் சொல்லாமல் ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டார்கள். ஓட்டுநர்களின் கைத்திரைகள் 'பண்ணை' காட்டுவதை மட்டும் காட்டிக்கொண்டிருந்தன.

"அது கடற்கரைப் பக்கம். அண்ணன் வண்டிதான்!"

நைரி அதற்குள் ரேடியோவைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள்.

"ராவிரி. அம்மா பேசறேன். எங்க இருக்கே?"

இரைச்சல். மழை. பதில் இல்லை.

"ராவிரி, வண்டில இருக்கியா?"

அவன் வண்டியில் இல்லை. திரையில் அவனுடைய புள்ளி வின்டர்பர்ன் பண்ணை மேல் அசையாமல் நின்றது. இறங்கிக் குழாயை மாட்டப் போயிருப்பான். அந்தப் பால் ஒரு வாளி ஏறினாலும் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் எல்லாப் பண்ணைப் பாலும் போச்சு. தொழிற்சாலையில் கண்டுபிடிக்காமல் இறக்கிவிட்டால் அதற்கப்புறம் ருவாகெரெ என்ற பெயரை எந்தப் பண்ணைக்காரனும் வாசலில் விடமாட்டான்.

"கையில திரை வச்சிருப்பான்," என்றாள் அரிஹியா. "தொட்டி அளவைப் பதியாம பம்ப்பைப் போட மாட்டான்."

அவள் 'பண்ணை' வியூவை மறுபடி போட்டாள். புதிய பத்தியையும் சேர்த்து, பெயர் மாறாமல். அது ஒரு வரி வேலைதான். அந்த ஒரு வரியைத் தட்டும்போது ஒரு எழுத்தை இரண்டு முறை தவறாக அடித்தாள். மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. திரையில் வின்டர்பர்ன் சிவந்தது.

எல்லோரும் ரேடியோவைப் பார்த்தார்கள்.

ரேடியோ கரகரத்தது. "அம்மா," என்றான் ராவிரி. மூச்சு வாங்கியது. "இப்பதான் குழாயை மாட்டினேன். திரை சிவப்பாயிடுச்சு. என்ன நடக்குது அங்க?"

"பம்ப் போட்டியா?"

"இல்லை. போடப் போனேன்."

"கழட்டிட்டு வந்துடு," என்றாள் நைரி. ரேடியோவை வைத்த கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். 

*

முதலில் பேசியவன் டெஸ்மண்ட்தான்.

"இதைத்தான் நான் சொன்னேன் நைரி. ஜன்னல், பேர்ப்பலகைன்னு சமாளிச்சா இப்படித்தான் ஆகும். இன்னைக்குத் தப்பிச்சோம்."

"அந்தப் பத்தியை யார் சேர்த்தது?" என்றாள் அரிஹியா.

"அது இப்ப முக்கியமில்லை."

"எனக்கு அதுதான் முக்கியம். வியூ புதுப் பத்தியைக் காட்டாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இங்க நான் கேட்காம யாரும் அட்டவணையைத் தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சேன். என் சாவி, என் கடவுச்சொல் இல்லாம அதைத் தொட முடியாது. உங்களுக்கு யார் குடுத்தது?"

டெஸ்மண்ட் நைரியைப் பார்த்தான். நைரி ரேடியோவை எடுத்து நீட்டினாள். "உன் சாவியோட நகல் அண்ணன்கிட்டதான் இருக்கு. அவனைக் கேளு."

ரேடியோவில் ராவிரி மறைக்கவில்லை. "நான்தான் குடுத்தேன். வியாழக்கிழமை. அவரு சும்மா பார்க்கணும்னு கேட்டாரு."

"பார்க்கறதுக்குக் குடுத்தியா, வெட்டறதுக்குக் குடுத்தியா?"

"எனக்கு என்ன தெரியும் அரிஹியா? நீ ஜெயிக்க மாட்டேன்னு நினைச்சேன். அதனால குடுத்தேன்."

எல்லா ஓட்டுநர்களும் கேட்கும் அலைவரிசை அது.  அரிஹியாவுக்குக் காது மடல் எரிந்தது. ஆனால் அவள் குரல் உயரவில்லை.

"சரி. இப்ப எல்லாரும் கேட்டுக்கங்க. வின்டர்பர்ன் தவிர மிச்சப் பண்ணை எல்லாத்துக்கும் வண்டி போகும். என் சிஸ்டத்துலதான் போகும். ராவிரி, அடுத்த பண்ணைக்குப் போ."

ரேடியோ கரகரத்தது. பிறகு வேறொரு ஓட்டுநரின் குரல்: "சரி பாஸ்." இன்னொன்று. பிறகு இன்னொன்று. கடைசியில் ராவிரி, வேண்டா வெறுப்பாக: "போறேன்."

அவள் டெஸ்மண்டின் பக்கம் திரும்பினாள். "உங்க சாவியை எடுத்துட்டேன். இனிமே உள்ள வர முடியாது. இன்னொரு விஷயம். நீங்க செஞ்ச மாதிரி எவனாவது மறுபடி அட்டவணையை மாத்தினா, மாத்தின நிமிஷமே எல்லா வியூவையும் புதுசாப் போடற மாதிரி ஒரு காவல் வச்சுட்டுத்தான் இன்னைக்கு வீட்டுக்குப் போவேன். உங்களால ஒரு நல்லது நடந்துச்சு. நன்றி."

"உங்கம்மா இன்னும் முடிவு சொல்லலையே," என்றான் டெஸ்மண்ட்.

நைரி அவனுடைய காப்பிக் கோப்பையை எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்தாள். "ஆக்லாந்துக்கு நேரமாச்சு டெஸ்மண்ட். மழையில ரோடு வழுக்கும். பார்த்துப் போங்க."

*

மாலையில் வண்டிகள் ஒவ்வொன்றாக முற்றத்துக்குத் திரும்பின. பால் எல்லாம் இறங்கியாயிற்று. ஓட்டுநர்கள் சக்கரங்களுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போகிற போக்கில் ஜன்னலைத் தட்டி அரிஹியாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

காவலை எழுதி முடித்து, கணினியை மூடப் போனபோது திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்து விழுந்தது.

'வீடு' என்றொரு அட்டவணை இல்லை.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். அவளுடைய எந்த நிரலும் 'வீடு' என்று எதையும் கூப்பிடுவதில்லை. இன்னொரு முறை வந்தது. சற்று விட்டு இன்னொரு முறை. யாரோ எங்கிருந்தோ விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பழைய தரவுத்தளம் இன்னும் உயிரோடு இருந்தது. அதில் தேடினாள். 'வீடு' அங்கே இருந்தது, அவள் வைக்காத மாற்றுப்பெயராக. அது சுட்டிய அட்டவணையில் விலையும் இல்லை, வாடிக்கையாளர் விவரமும் இல்லை. எந்த வண்டி, எந்த ஓட்டுநருடன், எத்தனை மணிக்கு முற்றத்துக்குத் திரும்பியது என்பது மட்டும்தான்.

கேட்பவரின் கணக்குப் பெயரைப் பார்த்தாள். நைரி.

அம்மா அவளுக்கு எதிரே உட்கார்ந்து கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவின் கணினி எப்போதோ அணைக்கப்பட்டுவிட்டது. கேள்வி வந்த இடத்தைத் தேடினாள். கடல் தாண்டி, ஆஸ்திரேலியா. பெர்த்.

ஒரு வரி போட்டால் அந்தப் பெயரையும் கொடுத்துவிடலாம். விரல்களை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் கொடுக்கப்பட்ட சாவிகள் இந்த வாரத்துக்குப் போதும். இது யாருக்கு வேண்டுமோ அவர்கள் வந்து கேட்கட்டும்.

*

இரவுச் சாப்பாடு அம்மா வீட்டில். பன்றி எலும்பும் வாட்டர்கிரெஸ் கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் கொதிக்க வைத்த குழம்பு, பொரித்த ரொட்டி. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ராவிரி தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டான்.

"திங்கட்கிழமை கையெழுத்து இல்லை," என்றாள் நைரி. "அது முடிஞ்ச கதை."

ராவிரி ரொட்டியைப் பிய்த்தான். "நான் குடுத்திருக்கக் கூடாது," என்றான் தட்டைப் பார்த்தே.

"ஆமா. குடுத்திருக்கக் கூடாது," என்றாள் அரிஹியா. அதற்கு மேல் அவனுக்கு அவள் எதையும் எளிதாக்கவில்லை. ரொட்டித் தட்டை மட்டும் அவன் பக்கம் தள்ளினாள்.

நைரி கரண்டியால் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

"அரிஹியா. பழைய பேருங்க எல்லாத்தையும் திருப்பிப் போட்டுட்டியா?"

"ஒண்ணு தவிர."

"அது ஏன்?"

"ஏன்னா அது நான் வச்ச பேரு இல்லை. உங்க கணக்குல யாரோ அதைக் கேட்டு வராங்க. யாரா இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாத்தான் போடுவேன். நீங்க முதலாளியா இருந்தாலும் சரி."

ராவிரி நிமிர்ந்தான். "என்ன பேரு? யாரு கேட்கறா?"

நைரி கரண்டியை வைத்தாள். மகளை நேராகப் பார்த்தாள்.

"நான் கேட்கறேன். இப்பவே போட்டுடு. ராவிரி இன்னைக்கு வண்டி எடுத்துட்டுப் போனது திபெனேவுக்குத் தெரியும். பத்திரமா வந்துட்டானான்னு பெர்த்ல பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான்."

திபெனே. நடு அண்ணன். அப்பா அவனை வீட்டை விட்டுத் துரத்திய நாளிலிருந்து அந்த மேசையில் யாரும் சொல்லாத பெயர். அப்பாவின் சவப்பெட்டி அருகே நின்றபோதுகூட யாரும் சொல்லவில்லை.

ராவிரியின் நாற்காலி பின்னால் நகர்ந்து தரையில் கீச்சிட்டது. அவன் எழுந்து நின்றான். "அவனுக்கு நம்ம வண்டியைப் பார்க்கக் குடுத்தீங்களா? அப்பாவுக்குத் தெரியாம? இத்தனை வருஷமா?"

"உட்காரு," என்றாள் நைரி.

"அப்பா உயிரோட இருந்தப்பவே குடுத்தீங்களாம்மா?"

"உட்காரு ராவிரி." அவள் குரலில் கெஞ்சல் இல்லை. "என் கணக்கைத்தான் குடுத்தோம். ஆனா 'வீடு'ங்கற அந்தப் பேரை நான் வைக்கலை. உங்க அப்பாதான் வச்சாரு."